மூச்சு விடும் வட்டம்

"நான் போடற வட்டம் மூச்சு விடும்!" என்று ஊரிகம் தங்கச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகள் முழுக்கப் பீற்றிக்கொள்வாள் கன்னியம்மா. தினமும் வாசலில் ஒரே ஒரு வட்டம் போடுவாள். கரித்தூளும் கோலமாவும் தூவி, அதை ஒருநாள் நிலாவாக்குவாள், மறுநாள் தோசையாக்குவாள். அந்தத் தோசையை நக்கிப் பார்த்துத் துரை வீட்டு நாயே ஏமாந்ததாம்! புருஷன் தசரதன் மட்டும் நம்பவில்லை.

அன்று காலை ஷிப்டுக்குக் கிளம்பியவன், அரையிருட்டில் வாசலில் கறுப்பு வட்டத்தைப் பார்த்தான். சுருண்ட பாம்பு, செதில்கூட அச்சு அசலாக இருந்தது.

"இன்னாடி, இன்னிக்குப் பாம்பா? எங்கே, மூச்சு விடச் சொல்லு. மிதிச்சே காட்டறேன்!" என்று காலைத் தூக்கினான்.

கோலமாவுக் கிண்ணத்தோடு உள்ளேயிருந்து வந்த கன்னியம்மா அலறினாள்.

"ஐயோ, நான் இன்னும் கோலமே போடலைங்க!"

வட்டம் படமெடுத்துச் சீறியது.

ஒரே தாவலில் கூரையேறிய தசரதன், லைனுக்கே கேட்கும்படி கத்தினான்: "விட்டுச்சுடி! ஒத்துக்கறேன், மூச்சு விட்டுச்சு!"