ஏரி உறைந்த ஊர்

மகள் நஸ்லா படிக்கப் போன ஊரை, வெள்ளவத்தையை விட்டு நகராமலே ஹமீமா அறிவாள். ஒரு கல்லூரி, ஒரு ஏரி, முப்பதாயிரம் பேர். ஜனவரியில் ஏரி உறைந்துவிடும். பிள்ளைகள் அதன்மேல் நடந்தே வகுப்புக்குப் போவார்கள். மூன்று சக்கர வண்டியை அங்கே யாரும் கண்டதில்லை.

இங்கே மாலை ஆறு மணி, அங்கே காலை. ஏரிமேல் நடந்தபடி நஸ்லா வீடியோவில் வந்தாள். மூன்று வாரமாகச் சொல்வதையே சொன்னாள்.

"இங்க இருக்க ஏலா உம்மா. டிக்கெட் போடுங்க, நான் வாறன்."

கீழே குறுகிய ஒழுங்கையில், பாணும் மீன் பணிஸும் விற்கும் பேக்கரி ஆட்டோ தன் பாட்டோடு வந்து, திரும்பிப் போனது. ஒழுங்கையில் பாட்டு ஓய்ந்தது. ஃபோனில் ஓயவில்லை. அங்கே அது நெருங்கி வந்தது.

நஸ்லா திரும்பிப் பார்த்தாள். "வைக்க வேணாம் உம்மா, நில்லுங்க" என்று ஃபோனைப் பைக்குள் போட்டாள்.

மறுபடி முகம் தெரிந்தபோது வாய் நிறைய மீன் பணிஸ்.

"சுடச்சுட இருக்கு உம்மா. சரி, வகுப்புக்கு நேரமாச்சு."

டிக்கெட்டைப் பற்றிக் கதைக்கவில்லை.

ஹமீமா தன்னையறியாமல் எழுந்து நின்றாள். மகளுக்குப் பின்னால், புதுப்பனியில், மூன்று சக்கரங்களின் தடம் ஏரியின் நடுவில் தொடங்கி, நஸ்லா நின்ற இடத்தில் வளைந்து, நடுவிலேயே முடிந்திருந்தது.