குலுக்கினால் நீலம்

குலுக்கியதும் பாட்டிலுக்குள் நீலம் திரும்பி வந்தது.

நேற்று அவளே தெளியவைத்த தண்ணீர் அது. சாயப்பட்டறைக் கழிவில் வெள்ளைப் பொடியைக் கலந்து, மூடி, நாள் முழுக்க வெயிலில் வைத்திருந்தாள். வெளிச்சம் பட்டால் அந்தப் பொடி சாயத்தைத் துண்டு துண்டாக உடைத்துவிடும். உடைந்தது திரும்பாது.

அலமாரியிலிருந்து எடுத்த அந்தப் பாட்டிலை மேஜையில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் வெளுத்தது.

மறுபடி குலுக்கினாள். மறுபடி நீலம்.

சாயம் சாகவில்லை. ஒளிந்துகொண்டிருக்கிறது. காற்றுப் பட்டால் எழுந்துவிடுகிறது.

தண்ணீருக்குள் காற்று ஊதும் மோட்டார் ஓடினால்தான் பொடி ஒழுங்காக வேலை செய்யும்; இல்லாவிட்டால் நிறம் மட்டும் மறையும். நேற்று அதை நிறுத்தியது அவளேதான். அவள் சோதனையைப் பார்க்க வந்த பெரிய மனிதர்களின் பேச்சு அந்த இரைச்சலில் கேட்கவில்லை.

அவர்களில் ஒருவர், இதை யாராவது குடிப்பார்களா என்று இளக்காரமாகச் சிரித்தார். அவள் புருஷன் அதே பட்டறையில் சாயம் காய்ச்சுகிறவன். அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு டம்ளர் மொண்டு வாயில் வைத்தான். எல்லோரும் கைதட்டினார்கள். மிச்சத்தை ஒரு பாட்டிலில் வழிய வழிய நிரப்பி, இறுக மூடி, வீட்டு அலமாரியில் பரிசுக் கோப்பை மாதிரி வைத்தான். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. மூன்று மாடி. அவன்தான், மூச்சு வாங்க ஏறி வருகிறான். குலுங்காமல் மெதுவாக வாருங்கள் என்று கத்த நினைத்தாள். அதற்குள் அவன் வாசலுக்கு வந்துவிட்டான்.

கதவைத் திறந்தான். வாயெல்லாம் பல். பல் வெள்ளையாகத்தான் இருந்தது. உதட்டைப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கற? அந்தத் தண்ணியா? நான் எங்க குடிச்சேன், வாயில வச்சதோட சரி. நம்ம பாப்பாதான் தைரியசாலி. இன்னிக்குக் காலையில நீ கெளம்பினதும் அலமாரியில இருந்த பாட்டிலை எடுத்துப் பாதியை மடமடன்னு குடிச்சுட்டா. அப்புறம் என்கூட பட்டறைக்கு வந்து இவ்வளவு நேரம் அசையாம தூங்கினா. இப்பத்தான் எழுப்பிக் கூட்டிட்டு வர்றேன்."

மேஜையில் பாதி காலியான பாட்டில் தெளிந்து நின்றது.

படியில் இன்னொரு சத்தம். மகள் இரண்டு காலையும் சேர்த்துவைத்து, ஒவ்வொரு படியாகக் குதித்துக் குதித்து மேலே வந்துகொண்டிருந்தாள்.