நாலாவது காம்பு

"பாய் வந்துட்டுப் போற வரைக்கும் நீ வாயைத் திறக்கக் கூடாது" என்றான் முருகவேல்.

"நான் ஏங்க திறக்கப் போறேன்" என்றாள் தனம், மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டே.

சிட்டு கன்று போட்டு ஒரு மாதம் ஆகிறது. தலைச்சன் ஈத்து. கன்று போட்ட மறுநாளே மடியில் ஒரு பக்கம் கல்லாக இறுகி, வலது பின்காம்பில் பாலுக்குப் பதில் திப்பி திப்பியாகத் தண்ணீர் வந்தது. மடிநோய் என்றார் கால்நடை டாக்டர். ஐந்து நாள் ஊசி போட்டார்.

"மொத ஈத்துலயே வந்திருக்கும்மா. அந்தக் காம்பு பொழைச்சாலும் பொழைக்கும், போனாலும் போகும்."

தனம் விடவில்லை. டாக்டர் சொன்னபடி சோற்றுக்கற்றாழையும் மஞ்சளும் சுண்ணாம்பும் அரைத்து, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பூசினாள். கன்றுக்குட்டியிலிருந்து புட்டிப்பால் கொடுத்து சிட்டுவை வளர்த்தவள் அவள்தான். அதை விட்டுப் பிரிய அவளுக்கு மனசே இல்லை.

முருகவேலுக்கு அந்தப் பாசமெல்லாம் இல்லை. அடி அண்ணாமலையில் ஆட்டோ ஓட்டுகிறவன். கொட்டகைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டான். கன்று போட்டதும் தாயையும் கன்றையும் விற்றுப் புது ஆட்டோவுக்கு முன்பணம் கட்டுவது என்று போன வருஷமே முடிவு பண்ணிவிட்டான். தனம் கெஞ்சிப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

மூன்று மணிக்கு பீர் முகம்மது பாய் வந்தார். கீழ்பென்னாத்தூரில் டீக்கடை. கடைப்பாலுக்கு வீட்டிலேயே மாடு வைத்துக் கறக்கிறவர். மாட்டுக்குப் புதுக் கயிறும், கன்றுக்கு ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டு வந்திருந்தார்.

"காம்பெல்லாம் சுத்தமா இருக்குதா தம்பி?"

"நாலும் நாலு குழாய் பாய். தொட்டா ஊத்தும்."

முருகவேல் கண் இமைக்காமல் சொன்னான். பொய் வருகிற அளவு அழகாக அவனுக்கு ஆட்டோகூட ஓட்ட வராது.

பாய்க்குத் திருப்தி. கயிறு மாற்றக் கழுத்தில் கை வைத்தார். அப்போது தனம் வாயைத் திறந்தாள்.

"பாய், வலது பின்காம்புல பால் வராது. மடிநோய் வந்து அடைச்சுக்கிச்சு."

முருகவேலுக்கு முகம் வெளுத்துவிட்டது. பாய் குனிந்து ஒவ்வொன்றாகப் பீய்ச்சிப் பார்த்தார். மூன்று காம்பில் பால் பாய்ந்தது. நாலாவதில் ஒரு சொட்டு இல்லை.

நிமிர்ந்தவர் முருகவேலை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். பிறகு தனத்திடம் திரும்பினார்.

"இருவது வருஷமா மாடு வாங்குறேன் தங்கச்சி. விக்கிற வூட்டுலயே குறை சொல்லிக் கேட்டது இதான் மொத தடவை. இந்தக் கயிறு உன் மாட்டுக்கே இருக்கட்டும்."

"வேணாம் பாய்..."

"உண்மைக்கு நான் குடுக்குற மரியாதை. வாங்கிக்கோ."

தனம் தலையைக் குனிந்தபடி வாங்கிக்கொண்டாள். பழத்தையும் கன்றுக்கே கொடுத்துவிட்டுப் போனார் பாய்.

"பெரிய உத்தமி. கட்டினவனைப் பொய்யனாக்கிட்டு நிக்கிறா பாரு." முருகவேல் சாப்பிடாமல்கூட ஆட்டோவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

ஆட்டோ ஸ்டாண்டில் அவனுக்கு முன்பே சேதி வந்து சேர்ந்திருந்தது. பாய் அங்கே டீ குடித்தபடி எல்லாரிடமும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"அண்ணே, உங்க வூட்டுல பொய்யே பேச மாட்டாங்களாமே" என்றான் பக்கத்து ஆட்டோ கோபி. "ஊருக்குப் போறப்ப எங்க வூட்டு நகையை அண்ணிகிட்டதான் குடுத்து வைக்கப் போறேன்."

கிரிவலம் வந்து கால் வலித்த ஒரு குடும்பம் இதைக் கேட்டுக்கொண்டிருந்தது. "அப்போ நாங்க இவர் வண்டியிலயே போறோம். நியாயமா கேப்பாரு" என்று ஏறி உட்கார்ந்துகொண்டது. முருகவேலும் வேறு வழியில்லாமல் நியாயமாகவே கேட்டான். இறங்கும்போது அவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அவனுக்கு என்னவோ போல் இருந்தது. நன்றாகவும் இருந்தது.

சாயங்காலம் நேராகக் கொட்டகைக்கு வந்து நின்றான். தனத்துக்கே ஆச்சரியம்.

"தனம், பாய் பார்த்த பார்வையில கூசிப் போயிட்டேன். இனிமே நானும் உன்ன மாதிரி நெஜந்தான் பேசப் போறேன்."

அவள் கையிலிருந்த தவிட்டுக் கூடையைக் கீழே வைத்தாள்.

"சிட்டு இங்கயே இருக்கட்டும். பழைய ஆட்டோ இன்னும் ரெண்டு வருஷம் ஓடும். மூணு காம்பு பால் போதும் நமக்கு."

தனத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷத்தில் சிரிப்பும் வந்தது. அதை முந்தானையால் மறைத்துக்கொண்டு, "போய்ச் சாப்பிடுங்க, வந்துடறேன்" என்றாள்.

அவன் தலை மறைந்ததும் கன்றை அவிழ்த்து விட்டாள். அது ஒரே ஓட்டமாக ஓடி வலது பின்காம்பைக் கவ்வியது. வாயோரம் நுரை வழிய, மடக் மடக்கென்று குடித்தது.

"மெதுவா குடிடி" என்றாள் தனம், அதன் காதோரம் குனிந்து. "காம்பு சரியாயி பத்து நாளாச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தா, அன்னைக்கே வித்திருப்பாரு. நல்லவேளை, பாய் வர்றதுக்குள்ள நீ இந்தக் காம்பைக் காலி பண்ணிக் குடுத்தே."

கன்று மடியை முட்டி முட்டிக் குடித்தது.

"இன்னைக்கு பாய்கிட்ட நெஜம் பேசினது எங்க வூட்டுக்காரருதான்டி. பாவம், அது அவருக்கே தெரியாது."