குரைக்காத காலை

முதலில் வம்பு செய்தது பக்கத்து வீட்டு பெயின்டர்தான். யார் கேட்டாலும் இதைச் சொல்வேன்.

நான் தச்சன். என் கையால் அறுத்து, இழைத்துச் செய்த ஏணியை, "ரெண்டு நாள்ல தந்துடறேண்ணே" என்று வாங்கிப் போனார். வருஷம் இரண்டாயிற்று, இன்னும் வரவில்லை. வாங்கிப் போன அடுத்த வாரமே திருப்பிக் கேட்டதற்கு, "இந்த வயசுல நீங்க எங்க ஏறப்போறீங்க?" என்றார். அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.

சொந்தமாக ஏணி இல்லாத பெயின்டரை உலகத்தில் நான் ஒருவன்தான் பார்த்திருக்கிறேன்.

அதோடு விட்டாரா? தினமும் காலையில் வேலைக்குப் போகும்போது, என் ஏணியாலேயே என் கேட்டைத் தட்டுவார். எங்கள் நாய் பாய்ந்து போய்க் குரைக்கும். வாயாடி என்று என் மனைவி அதற்குச் சரியாகத்தான் பெயர் வைத்தாள். அது குரைக்கக் குரைக்க அவர் சிரித்துக்கொண்டே போவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள் காலையிலும் அப்படித்தான் தட்டினார். வாயாடி படுத்தே கிடந்தது. தலையைக்கூடத் தூக்கவில்லை.

மறுபடி தட்டினார்.

"என்ன வாயாடி, உங்க வீட்டுக்காரர் மாதிரி நீயும் பேச்சை நிறுத்திட்டியா?"

நாயிடம் சொல்வதுபோல எனக்குத்தான் சொன்னார். நானும் என் மனைவியிடம் சொல்வதுபோலச் சொன்னேன்.

"இதுக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்கு. கண்டவங்களைப் பார்த்துக் குரைக்கறது தொண்டைக்குத் தண்டம்னு தெரிஞ்சுக்கிச்சு."

"நேத்துலேருந்து அது சாப்பிடலைங்க" என்றாள் அவள்.

"தண்ணிதான் குடம் குடமா குடிக்குதே. வயித்தைக் காயப்போட்டா தானா சரியாகும். நாளைக்குப் பார்த்துக்கலாம்."

பெயின்டர் கேட்டைத் திறந்து உள்ளேயே வந்துவிட்டார். நாயின் பக்கத்தில் குந்தி, வயிற்றில் கை வைத்தார். அது முனகியது.

"அண்ணே, வயிறு உப்பியிருக்கு. நாளைக்குன்னு தள்ளாதீங்க."

இரண்டு வருஷம் கழித்து ஓர் அண்ணே.

"உன் வேலையைப் பாரு. என் நாயை எனக்குத் தெரியாதா?"

"தெரியாது. உங்களைப் பார்த்தா அது எப்பவும் வாலாட்டும், நோவுன்னாலும் ஆட்டும். என்னைப் பார்த்துக் குரைக்கலைன்னா அது உயிர் போற நோவு."

வாலைப் பார்த்தேன். என்னைக் கண்டு மெல்ல ஆடிக்கொண்டுதான் இருந்தது.

ஏணியைத் தரையில் கிடத்தினார். பெயின்ட் சிந்தாமல் விரிக்கும் துணியை அதன்மேல் போட்டார். வாயாடியைத் தூக்கி அதில் படுக்க வைத்தோம். முன்னால் அவர், பின்னால் நான். தெருமுனையில் இருக்கும் நாய் டாக்டர் வீடு வரை தூக்கிப் போனோம்.

டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். "கர்ப்பப்பை முழுக்கச் சீழ். அதான் சாப்பாடு இறங்காம தண்ணியா குடிச்சிருக்கு. உடனே ஆபரேஷன் பண்ணணும். நாளைக்கு வந்திருந்தா பிழைச்சிருக்காது."

வெளியே பெஞ்சில் காத்திருந்தோம்.  நான்தான் முதலில் கேட்டேன்.

"தினமும் எதுக்கு அதைச் சீண்டறே?"

விரலில் காய்ந்திருந்த பெயின்டைச் சுரண்டிக்கொண்டே சொன்னார். "இந்தத் தெருவுக்கு வர்றதுக்கு முன்னாடி எங்க வீட்லயும் ஒண்ணு இருந்துச்சுண்ணே. ஒரு நாள் கத்தாம படுத்திருந்துச்சு. பரவாயில்லையே, அடங்கிடுச்சேன்னு நிம்மதியா வேலைக்குப் போனேன். திரும்பி வந்தப்ப..."

மறுபடி விரலைச் சுரண்ட ஆரம்பித்தார். 

வாயாடி தையலோடு வீடு வந்து சேர்ந்தது. அதன் பிறகும் காலையில் கேட்டில் சத்தம் கேட்கும். அது எழுந்திருக்காது. எட்டிப் பார்த்துவிட்டு, சிரிக்காமல் போவார்.

இன்று காலையும் தட்டினார். வாயாடி தள்ளாடி எழுந்தது. கேட் வரை நடந்து போய், பழைய தொண்டையில் குரைத்துத் தள்ளிவிட்டது.

"அப்பாடா" என்று நிம்மதியாக வேலைக்குக் கிளம்பினார், என் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு.