மட்டமான வண்டி

வண்டிக்கு இரண்டே சீட்டு. ஒன்று சின்ன முதலாளிக்கு. இன்னொன்று, அவன் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு உட்காரப்போகும் யாராவது ஒரு சிநேகிதனுக்கு.

டிரைவருக்கு இடமில்லை. அதனால் இருபது வருஷமாக அந்த வீட்டு வண்டியை ஓட்டிய ஆசீர்வாதத்துக்கு இன்றோடு வேலையும் இல்லை. வீட்டில் அதை அவர் இன்னும் சொல்லவில்லை.

பெரிய முதலாளி கண்ணை மூடி ஒரு வருஷம் முழுதாக ஆகவில்லை. தோல் மண்டி நாற்றத்தில் நின்று அந்த மனுஷன் சேர்த்ததை மகன் காற்றில் விடக் கிளம்பிவிட்டான். அப்பாவின் பெரிய வண்டியை விற்றுவிட்டு, சீமையிலிருந்து இந்தப் பந்தய வண்டியைக் கப்பலில் வரவழைத்திருந்தான்.

இராயபுரத்தில், துறைமுக மதிலை ஒட்டிய ஒரு கிடங்கின் நிழலில் அதை நிறுத்திவிட்டு, கிளப்பு ஆட்களை அழைத்துவரப் போயிருந்தான்.

ஒருத்தனையும் தொடவிடாதே என்று ஆசீர்வாதத்திடம் சொல்லிவிட்டுப் போனான். அதுதான் கடைசி வேலை. சோற்றைப் பிடுங்கிக்கொண்ட வண்டிக்குக் காவல் வேறு.

துறைமுகத்தில் எந்தப் புது வண்டி இறங்கினாலும் மூக்கில் வேர்த்துவிடும் கூட்டம் ஒன்று அங்கே உண்டு. லாரி ஓட்டுகிற மதார் சாகிப், டாக்சி ஓட்டுகிற மாரியப்பன், ரயில்வே பட்டறை தாமஸ். மூவரும் ஆசீர்வாதத்துக்கு வேண்டியவர்கள். டிராம் நின்றுபோன வருஷம் நீளமாக ஓர் அமெரிக்க வண்டி இறங்கியபோது, டாக்சியில் இருந்த சவாரியை நடுரோட்டில் விட்டுவிட்டு ஓடிவந்தவன் மாரியப்பன்.

இன்றைக்கும் வந்தார்கள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். மதார் சாகிப் ஓரமாகப் போய்க் காறித் துப்பிவிட்டு வந்தான்.

"இன்னா அண்ணாத்தே, சைக்கிள் சக்கரத்த மாட்டி அனுப்பிகீறான்?"

கம்பி கம்பியாக இருந்த சக்கரத்தைத்தான் சொன்னான்.

பானெட்டின் குறுக்கே கட்டியிருந்த தோல்வாரைக் காட்டி, எங்கே அவிழ்ந்து விழுமோ என்று பயந்து வெள்ளைக்காரன் அரைஞாண் கட்டி அனுப்பியிருக்கிறான் என்றான் தாமஸ். மேலே கூரை இல்லை, மழை பெய்தால் உள்ளே கெண்டை வளர்க்கலாம் என்றான் மாரியப்பன். எண்ணூர் ரோட்டுப் பள்ளத்தில் ஒருதரம் இறங்கினால் போதும், தூக்கிவர என் லாரிதான் போக வேண்டும் என்றான் மதார் சாகிப்.

அதுவரை தள்ளி நின்றிருந்த ஆசீர்வாதம் கிட்டே வந்தார்.

காலையில் பார்த்த நிமிஷத்திலிருந்து அந்த வண்டியின் மேல் அவருக்கு எரிந்துகொண்டிருந்தது. அது வயிற்றெரிச்சல்தானோ என்று உள்ளுக்குள் ஒரு சந்தேகமும் இருந்தது. வண்டி என்றால் உயிரை விடுகிற இவர்களே துப்புகிறார்கள் என்றால், ஏமாந்தவர் அவர் இல்லை. வாங்கினவன்தான் ஏமாளி.

அவரும் சேர்ந்துகொண்டார். உலகத்துக்கே மொத்தம் அறுபது வண்டிதான் செய்தார்களாம், அதில் ஒன்று இது என்று சின்ன முதலாளி பீற்றிக்கொண்டதை எடுத்துவிட்டார்.

"அதுக்கு மேல செய்ய அவனுக்கே வெக்கமா இருந்திருக்கும்" என்றான் மதார் சாகிப்.

ஆசீர்வாதம் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துப் பல நாளாகியிருந்தது.

முகமெல்லாம் வாடிக் கிடக்கிறது, போய் ஒரு டீ குடித்துவிட்டு வா என்று மாரியப்பன் அவரைக் கிளப்பினான். இந்தத் தகரத்தை எவன் தொடப்போகிறான் என்று தைரியமும் சொன்னான்.

ரயில்வே கேட்டுப் பக்கத்து டீக்கடையில் பால் தீர்ந்திருந்தது. அவர் உடனே திரும்பினார். கிடங்கின் மூலைக்கு வந்தபோது பேச்சுக் குரலே கேட்கவில்லை. எட்டிப் பார்த்தார்.

மாரியப்பன் செருப்பைத் தரையில் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தான். ஸ்டீயரிங்கைப் பிடிக்கவில்லை. இரண்டு கையையும் அதற்கு மேலே அந்தரத்தில் வைத்திருந்தான்.

தாமஸ் மண்டி போட்டுச் சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தான்.

மதார் சாகிப் பானெட்டின் மேல் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடியிருந்தான்.

"எறங்குடா, அவுரு வந்துருவாரு" என்றான் கண்ணைத் திறக்காமலே. "வந்தா மறுபடியும் திட்டணும். ஒருத்தன் வாயிலயும் நல்லா கீதுன்னு வந்துடக் கூடாது. வேல போன மனுசன், தாங்க மாட்டாரு."

ஆசீர்வாதத்துக்கு முகம் சுட்டது. அத்தனை ஏளனமும் அவருக்குப் போட்ட பிச்சை. போய் மூன்று பேரையும் கழுத்தைப் பிடித்துத் தள்ளலாம் போல வந்தது. காவல்காரன் என்ற அந்த ஓர் அதிகாரம் இன்னும் அவர் கையில் இருந்தது.

மாரியப்பனின் கைகள் இன்னும் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை.

அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சத்தமில்லாமல் பின்வாங்கிப் போய், பலமாக இருமிக்கொண்டே திரும்பவும் வந்தார்.

மூவரும் வண்டியை விட்டுத் தள்ளி நின்றிருந்தார்கள். மதார் சாகிப் கடமை தவறாமல் சக்கரத்தைப் பழிக்க ஆரம்பித்தான். மாரியப்பனின் செருப்பு கதவோரத்திலேயே கிடந்தது. ஆசீர்வாதம் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வெளிய நின்னு திட்னா ஆச்சா? ஒவ்வொருத்தனா ஏறி ஒக்காந்து பாருங்கடா. அப்பதான் எவ்ளோ மட்டமான வண்டின்னு தெரியும்."

சொல்லிவிட்டு, சின்ன முதலாளி வருகிறானா என்று பார்க்க அவர் தெருமுனையில் போய் நின்றுகொண்டார்.