ஒல்லி லேப்டாப்

ஒரு கம்ப்யூட்டர் கடையில் புதிதாக வந்திறங்கிய லேப்டாப்புக்குத் தன் ஒல்லி உடம்பைப் பற்றி ஓயாத பீற்றல். எதிரே கொக்கியில் மூன்று மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்த ஹார்டு டிஸ்க்கைக் கண்டாலே அதற்கு இளக்காரம்.

"உன்னை யாருடி தேடி வரப்போறா? எனக்குள்ளேயே எல்லாம் அடங்கியிருக்கு."

ஹார்டு டிஸ்க்குக்கு உள்ளூர உதறல். இந்தத் தீபாவளிக்கும் விலைபோகாவிட்டால் அடுத்த இடம் இருட்டு குடோன்தான்.

அன்று ஓர் அம்மாள் வந்தாள். லேப்டாப்பைப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று.

"என் பொண்ணோட கல்யாண வீடியோ மொத்தமும் இதுல கொள்ளுமா?"

"தாலி கட்டுற வரைக்கும் தாராளமா கொள்ளும் மேடம்," என்ற விற்பனையாளர் கொக்கிப் பக்கம் கையை நீட்டினார். "பந்திக்கு இது வேணும்."

லேப்டாப்பை விற்றபோது வராத சிரிப்பு அவர் முகத்தில் இப்போது வந்தது.

இரண்டும் ஒரே பைக்குள் போயின. லேப்டாப்புக்கு அவமானம் தாங்கவில்லை.

"என் வயித்தை இவ்வளவு சின்னதா வெச்ச பாவி யாருடி?"

ஹார்டு டிஸ்க் தன் பெட்டியைத் திருப்பிக் காட்டியது. இரண்டின் முதுகிலும் ஒரே கம்பெனிப் பெயர்.

"நம்ம அப்பாதான். எனக்கு ஒரு வரன் அமையணுமேன்னு உன்னைப் பட்டினி போட்டு வளர்த்தார்."