நூற்றுப் பன்னிரண்டு தோட்டாப் பெட்டிகள்

விஸ்கான்சினில், ஆர்வில் வீட்டுக் கொட்டகையில், பிரிக்காத பழைய தோட்டாப் பெட்டிகள் நூற்றுப் பன்னிரண்டு இருந்தன. வாங்க வந்த டுவேன் வாயைப் பிளந்தார்.

“பெரிய வேட்டைக்காரர்தான் நீங்க!”

“நானா? ஜூலை நாலு, சுதந்திர தினப் பட்டாசுக்கே கட்டிலுக்கடியில புகுந்துக்குவேன். எங்கிட்டத் துப்பாக்கியே கிடையாது.”

“அப்புறம் எதுக்கு இத்தனை?”

ஆர்விலுக்கு முகம் சிவந்தது. “அப்ப ஊர்ல ஒரே துப்பாக்கிக் கடை. கல்லாவுல முதலாளி பொண்ணு உட்கார்ந்திருப்பா. அவளைப் பார்க்கவே வாராவாரம் ஒரு பெட்டி வாங்குவேன். ரெண்டு வருஷத்துக்கு மேல! ‘கட்டிக்கிறியா’ன்னு எப்பக் கேட்டாலும், ‘யோசிச்சுச் சொல்றேன்’னுடுவா.”

டுவேன் வாசலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “வீட்டம்மாவுக்குத் தெரியுமா?”

“எனக்கா தெரியாது?” காப்பியோடு வந்து நின்றாள் மார்லிஸ். “எடுத்துக் கொடுத்ததே நான்தானே!”

“அப்ப ஏம்மா அவரை அப்படி இழுத்தடிச்சீங்க?”

“எனக்கு முதல் மாசமே சம்மதம். எங்கப்பாதான், ‘கடைக்கு இருக்கிறதே ஒரு நல்ல வாடிக்கை, அவசரப்பட்டுக் கெடுத்துடாதே’ன்னுட்டார்.”

இதை நாற்பது வருஷம் கழித்துக் கேட்ட ஆர்வில், பெட்டிகள் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“கல்யாணத்தன்னிக்கு அந்த மனுஷன் தேம்பித் தேம்பி அழுதாரே! மகளைப் பிரியற துக்கம்னுல்ல நினைச்சேன்!”